பிறந்த வீட்டு வாசலில் நிற்கும் தேர்

மகளே,

இது உன் அப்பா எழுதும் கடிதம். நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியதல்ல. சந்தேகமாக இருந்தால் எழுத்தைப் பார். உன் அண்ணன் எழுதியிருந்தால் எழுத்து இத்தனை பெரிதாக இருக்காது, வரியும் போகப் போக மேலே ஏறாது. நூலகக் கட்டிடத்தில் பஞ்சாயத்து நடத்தும் எழுத்து வகுப்புக்கு நான் போவதை அம்மா உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. எழுபத்தொரு வயதில் முதல் முதலாக என் பெயரை எழுதிய அன்று வகுப்பில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். இப்போது என்னால் எதையும் எழுத முடியும். ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆகிறது, அவ்வளவுதான். அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சு என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் வேறொருவர் பேசிவிடுவார். அல்லது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து நான் நினைத்ததை மாற்றிச் சொல்லிவிடுவேன். எழுதும்போது குறுக்கே யாரும் வருவதில்லை. இந்த ருசி தெரியாமல் எழுபது வருடம் ஓட்டியிருக்கிறேனே என்று சில நாள் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

ஆனால் இன்று நிதானமாக உட்கார முடியவில்லை. நான்கு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போய்த் தேரைப் பார்க்கிறேன், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன். நேற்றுப் பொழுது சாய்வதற்குள் தேர் நம் வாசலுக்கு வந்துவிட்டது. பனையடியம்மன் அதில் இருக்கிறாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வடம் நம் வீதி நெடுகக் கிடக்கிறது. எதிர்வீட்டு வெள்ளாடு அதன் மேல் ஏறிப் படுத்து அசைபோடுகிறது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு நான் தட்டோடு வெளியே போய் வழக்கமான சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தேர் நகரும். முப்பத்தோரு வருடம் தவறாமல் சொன்னவன் நான். இன்று அது என் வாயிலிருந்து வராது என்று தோன்றுகிறது. வராவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அதனால்தான் விடிந்ததும் நோட்டை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசியது எனக்குக் கேட்டது. அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். உனக்கு அது தெரியுமோ என்னவோ. நான் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "தேர் நோம்பிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ சாமி, ஆறு வருசமாச்சு" என்றாள் அம்மா. நீ சொன்னாய்: "வந்தா மறுபடியும் அப்பா அனுப்பி வெச்சிருவாருங்கம்மா." கோபமாகச் சொல்லவில்லை. நீ இருக்கும் மூணாறில் இன்று மழை என்று சொல்வதைப் போலச் சொன்னாய். அம்மா வேறு ஏதோ பேச்சுக்கு மாறினாள். நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். மாடு தண்ணீரை எப்போது குடித்து முடித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மனின் கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். நம் வீட்டில், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், ஒரு பெண் பிறந்தாள். அவளைக் கணவாய்க்கு மேற்கே கட்டிக்கொடுத்தார்கள். மழை பொய்த்த ஒரு வருடத்தில், இவள் வந்து கால் வைத்த நேரம்தான் ஊர் காய்ந்தது என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். சொல்லால் சுட்டார்கள், கையாலும் அடித்தார்கள். அவள் நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்தாள். ஒரு ராத்திரி இருந்தாள். மறுநாள் அவளுடைய அப்பா ஊர் என்ன பேசுமோ என்று பயந்தார். ஒரு புதுச்சேலை, ஒரு தேங்காய், கொஞ்சம் மஞ்சள், வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்து, "போயிட்டு வா அம்மிணி" என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஊர் எல்லையில் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தாள். தேடிப் போனவர்கள் கண்டது ஒரு கல். அந்தக் கல்லைச் சுற்றிப் புதுச்சேலை கிடந்தது. அன்றைக்கே மழை கொட்டியதாம். அங்கேதான் கோயில் கட்டினார்கள்.

அதனால்தான் வருடம் ஒருமுறை பங்குனியில் அவள் தேரேறி நம் வாசலுக்கு வருகிறாள். ஒரு ராத்திரி தங்குகிறாள். மறுநாள் பூசாரி தேர்த்தட்டின் மேல் நின்று, "பொறந்த ஊட்டுக்காரரே, சொல்லுக் குடுங்க!" என்று கூப்பிடுவார். நம் வீட்டில் மூத்தவன் தட்டை நீட்டி, "போயிட்டு வா அம்மிணி" என்று சொல்ல வேண்டும். வருடம் முழுக்க எல்லோருக்கும் அவள் தாய். அந்த ஒரு நொடியில் மட்டும் அவளை மகளாக நினைத்து அம்மிணி என்று கூப்பிடும் பாத்தியம் நம் வீட்டுக்கு. இதை நான் எவ்வளவு பெரிய மரியாதையாக நினைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஒன்பது வயதில் நீ தேரில் ஏற வேண்டுமென்று அடம் பிடித்தாய். பெண்பிள்ளை ஏறக் கூடாது என்றேன். "மேல உக்காந்திருக்கறது யாருங்கப்பா, பையனா?" என்று கேட்டாய். நான் சிரித்து உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. தோளில் வைத்துவிட்டால் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இனி எழுத வேண்டியது கை கூசும் இடம். ஆறு வருடத்துக்கு முன்னால் தேர் வந்த அன்று நீயும் ஒரு பையோடு வந்தாய். நோம்பிக்கு வந்திருக்கிறாள் என்று விருந்தாளிகள் நினைத்தார்கள். உன் இடது கையில் வளையல் இல்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று இத்தனை வருடமும் நினைத்திருப்பாய். கவனித்தேன், மகளே. கேட்டால் நீ சொல்வாய், சொல்லிவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும், வீடு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், நோம்பி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நீ மாட்டுக்கொட்டகையில் அம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாம் சொன்னாய் என்பதையும் அம்மா என்னிடம் சொன்னாள். அதற்கும் நோம்பி முடியட்டும் என்றேன்.

மறுநாள் உன் கணவர் வீட்டுப் பெரியவர் விருந்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மனுக்குச் சொல்லைச் சொன்னேன். தேர் நகர்ந்தது. குலவைச் சத்தம் ஓயவில்லை. அந்தப் பெரியவர் எழுந்து, "எங்க ஊட்டுப் புள்ளையவும் அனுப்பி வெச்சிருங்க, பொழுதோட போய்ச் சேரோணும்" என்றார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதே தட்டை எடுத்தேன். அம்மா உனக்கென்று வைத்திருந்த சேலையை வைத்தேன், ஒரு தேங்காய் வைத்தேன், உன் கையில் கொடுத்து, "போயிட்டு வா அம்மிணி" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு வாங்கிக்கொண்டாய். அண்ணன் உன் பையை எடுத்துப்போய் ஆட்டோவில் வைத்தான். கூட்டத்தில் யாரோ சொன்னார்: "சாமிய அனுப்புன கையோட மகளையும் அனுப்பிட்டாரு பாருங்க. பொறந்த ஊடுன்னா இப்படியல்லோ இருக்கோணும்." எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று மனம் கனத்தது என்று எழுதினால் நீ என்னை மன்னிக்க வசதியாக இருக்கும். ஆனால் அது பொய். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து நீ அந்த வீட்டை விட்டுவிட்டாய் என்று சேதி வந்தது. அவர்கள் ஊரான உடுமலையிலிருந்து நேராக மூணாறுக்கு மலை ஏறி, கூடப் படித்த பெண்ணிடம் போய், தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். உடுமலையிலிருந்து நம் வீடு மூணாறை விடக் கிட்டத்தில் இருக்கிறது. நீ தூரமான பக்கம் போனாய். ஏன் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று இப்போது தெரிகிறது.

அது தெரிந்தது எப்படி என்றும் எழுத வேண்டும். இந்த வருடம் நோம்பி நோட்டீஸ் வந்ததும் நானே படித்தேன். பின்பக்கத்தில் தல வரலாறு அச்சடித்திருந்தார்கள். பூசாரி வருடா வருடம் ராகம் போட்டுச் சொல்லக் கேட்டதுதான். காதில் விழும்போது கதை ஓடிப்போய்விடும். எனக்குப் படிக்கத் தெரிந்ததோ ஒவ்வொரு சொல்லாக. 'தந்தை சொல்லை மீறாமல் புறப்பட்டுச் சென்று' என்று ஒரு வரி. விரலை வைத்துப் படித்தேன். அடுத்த வரி, 'வழியில் பனைமரத்தடியில் அமர்ந்து'. விரல் அங்கேயே நின்றுவிட்டது. வழியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் அவள் போகவில்லை. அப்பா போ என்றார், அவள் போகவில்லை. திரும்பியும் வரவில்லை, வந்தால் மறுபடியும் அனுப்பிவிடுவார்கள். போகவும் இடமில்லாமல் வரவும் இடமில்லாமல் ஒரு பெண் நடுவழியில் உட்கார்ந்தாள். அதைத்தான் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். கும்பிட்டுவிட்டு, வருடம் தவறாமல் அவளை நம் வாசலுக்குக் கூட்டிவந்து, எந்தச் சொல்லால் அவள் கல்லானாளோ அதே சொல்லை மறுபடியும் சொல்கிறோம். சொல்வது நான். இதைப் படித்த நான்காம் நாள் நீ போனில் பேசியது கேட்டது.

இந்த இடத்தில் அம்மா வந்து நிற்கிறாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங்க, விடிஞ்சதுலருந்து நோட்டும் கையுமா உக்காந்திருந்தா ஆச்சா? தட்டு வெக்கோணும். பச்சைச் சேலைய எங்க வெச்சீங்க?"

"அலமாரில பாரு."

"பேனாவைப் புடிச்சதுக்கப்புறம் நீங்க ஒரு வேலைக்கும் ஆகறதில்லைங்க. அப்படி யாருக்கு எழுதறீங்க?"

"அம்மிணிக்கு."

"எந்த அம்மிணிக்கு? வாசல்ல நிக்கறவளுக்கா, மலைமேல இருக்கறவளுக்கா?"

"மலைமேல இருக்கறவளுக்கு."

"அவகிட்ட ரொம்ப நீட்டி எழுதாதீங்க. தப்புன்னா தப்புன்னு எழுதுங்க. அவளுக்குப் போதும்" என்றாள். பிறகு சேலையைத் தேடப் போய்விட்டாள். நீட்டாமல் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. தப்பு என்று எழுத வந்துவிட்டது. நான் செய்தது தப்பு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அப்பன் என்று ஆகிவிட்டேன், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதற்கும் பதில் சொல்லிவிடாதே. என் பெரிய தப்புகளெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் நடந்தவை. உனக்குப் பதினாறு வயதிருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "உங்க பொண்ணைப் படிக்க வெச்சு என்னங்க, கலெக்டராவா ஆகப்போகுது?" என்றார். "பிளஸ் டூவோட நிறுத்திப் போடறனுங்க" என்று சொன்னேன். அதற்கு முந்தைய நிமிடம் வரை அப்படி ஒரு எண்ணமே எனக்கில்லை. வாய் சொல்லிவிட்டது, பிறகு வாய் சொன்னதைக் காப்பாற்றினேன். நீ கல்லூரி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தபோது என் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான் தேவைப்பட்டது. அதைக்கூட வைக்கவில்லை.

எழுந்து போய்த் தேரை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன். பூசாரி உச்சிக்கால பூசைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் மண்டையில் ஒன்று தட்டியது. நம் ஊரில் பூ கேட்காமல் எதைச் செய்கிறோம், சொல்? அம்மனின் நெற்றியில் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ ஒட்டவைத்துக் காத்திருப்போம். வலப்பூ விழுந்தால் சரி, இடப்பூ விழுந்தால் வேண்டாம். கிணறு வெட்டப் பூ கேட்போம். சந்தையில் மாடு பிடிக்கப் பூ கேட்போம். நோம்பிக்கு நாள் சாட்டப் பூ கேட்போம். உன் கல்யாணத்துக்கும் கேட்டோம். வலப்பூ விழுந்தது. வீட்டுக்கு வந்து, "சாமி உத்தரவு குடுத்திருச்சு" என்றேன். நீ, "என்னைக் கேக்கலீங்களாப்பா?" என்றாய். வீடே சிரித்தது. உன் அத்தை, "சாமியே சொன்னதுக்கப்புறம் இவ பெரிய மனுசி" என்றாள். நீயும் கடைசியில் சிரித்தாய். எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்கிறோம், மகளே. ஆனால் அவள் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, இங்கிருந்து போக அவளுக்கு மனசு இருக்கிறதா என்பது. அதை மட்டும் ஒரு வருடம்கூடக் கேட்டதில்லை. அதற்கு மட்டும் நாமே சொல்லிவிடுகிறோம்.

கொட்டு முழங்குகிறது. நோட்டை மூடுகிறேன்.

*

மறுநாள் காலை எழுதுகிறேன். தேர் இன்னும் நம் வாசலில்தான் நிற்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு வீதி நிறைந்துவிட்டது. தேர் போகும் பாதையில் கரண்ட் கம்பி குறுக்கே இருப்பதால் லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். வடத்தை ஆட்கள் கையில் எடுத்துவிட்டார்கள். பூசாரி மேலே நின்று, "பொறந்த ஊட்டுக்காரரே, சொல்லுக் குடுங்க!" என்றார். நான் தட்டை நீட்டினேன். பூசாரி வாங்கிக்கொண்டார். சொல்லுக்காக மறுபடியும் கூப்பிட்டார்.

"அவளுக்குப் போக மனசிருக்குதான்னு பூ கேளுங்க" என்றேன்.

"எனத்தைங்க?"

"பூ கேளுங்க. அவ சொன்னாப் போகட்டும்."

கோயில் கமிட்டித் தலைவர் வேகமாக வந்தார். அவர் எனக்கு ஒன்றுவிட்ட பங்காளி, என்னை விடப் பத்து வயது இளையவர். "ஏனுங்கண்ணா, நடுவீதில நின்னுட்டு வெளையாடறீங்களா? இது எந்த ஊர் வழக்கமுங்க?"

"வழக்கம் இல்லை. அதனாலதான் கேக்கச் சொல்றேன்."

வடம் பிடித்தவர்களில் ஒருவன், "ரெண்டெழுத்துப் படிச்சதுல பெருசுக்குக் கலங்கிப் போச்சாட்ட இருக்குது" என்றான். நல்ல சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் லைன்மேன் வந்துவிட்டார். அவர் சித்தூர்க்காரர், பாதி மலையாளத்தில்தான் பேசுவார். "அண்ணே, அஞ்சு மணிக்கு லைன் சார்ஜ் செய்யணும் கேட்டோ. சாமியானாலும் அதுதான் டைம்" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

உன் அண்ணன் என் காதருகே குனிந்தான். "மானத்தை வாங்காதீங்கப்பா. அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் போட்டு உள்ள வாங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"எனக்கடுத்து மூத்தவன் நீதான். பாத்தியம் உனக்கும் இருக்குது. நீ வேணும்னா சொல்லு" என்றேன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். தலைவர்கூட, "ஆமா, நீ சொல்லிப் போடு தம்பி, போதும்" என்றார். அண்ணன் தேரடிக்குப் போனான். தலையைத் தூக்கி அம்மனைப் பார்த்தான். வாயைத் திறந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் பையை ஆட்டோவில் வைத்துவிட்டு வந்த அன்று அவன் சாப்பிடவில்லை என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். "எனக்கும் வரலீங்கப்பா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வடம் பிடித்த கைகள் தளர்ந்துவிட்டன. அப்போது உன் அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து சத்தமாகக் கேட்டாள்: "ஏனுங்க பூசாரி, மாடு பிடிக்கறதுக்கெல்லாம் பூ கேக்கறீங்க. அவளுக்காக ஒருக்காக் கேட்டா என்ன, கை வலிக்குதா?" பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "கேளுங்க பூசாரி" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். பிறகு அந்தப் பக்கம் முழுக்க அதே பேச்சு.

பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். பூசாரி வலப்பக்கம் வெள்ளை அரளியும் இடப்பக்கம் செவ்வரளியும் ஒட்டவைத்துக் கும்பிட்டு விலகி நின்றார். என்ன விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. இரண்டில் எது விழுந்தாலும் சரி, கேட்டாகிவிட்டது. ஆனாலும் அந்த நேரம் போல் நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. நான்கு மணி தாண்டியது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. லைன்மேன் தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கணவாய்க் காற்று ஒருமுறை நன்றாக வீசியது. தேர்ச்சீலைகளெல்லாம் படபடத்தன. செவ்வரளி விழுந்தது.

காற்று தள்ளியதா, அவள் தள்ளினாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். பெண்கள் குலவையிட்டார்கள். உன் அம்மா பக்கத்திலிருந்தவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தலைவர் என்னிடம், "நாளைக்கும் வேண்டாம்னு சொன்னா என்னங்க செய்யறது?" என்றார். கோபம் போய் நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். "இருக்கட்டுமே, அவ ஊடுதானே" என்றேன். லைன்மேன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அப்போ நாளெயும் வரணும், அல்லே? சரி, வராம்" என்று கரண்டைக் கொடுக்கப் போய்விட்டார்.

இன்று மூன்று மணிக்கு மறுபடியும் பூ கேட்பார்கள். நான் இன்னும் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்திருந்தால் உட்காருகிறேன். ஆனால் நேற்றைய தவிப்பு இல்லை.

*

தேர் நேற்றுப் போய்விட்டது. பூசாரி கையை எடுப்பதற்குள் வெள்ளைப் பூ விழுந்தது. நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, வழியை விட்டு ஒதுங்கி நின்றேன். அண்ணன் வடம் பிடித்துக் கோயில் வரைக்கும் போனான். வீதியில் சக்கரத் தடம் மட்டும் இருக்கிறது. ஊரில் இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். அடுத்த வருடத்துக்கு நம் வீட்டுப் பாத்தியத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி, இனி எப்போதும் பூ கேட்டே அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்சி. எது நடந்தாலும் நடக்கட்டும்.

இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுகிறேன் என்று அண்ணன் சொன்னான். வேண்டாம் என்றேன். இது உன் கையில் உறையோடு வர வேண்டும். படிப்பதா வேண்டாமா என்று நீ முடிவு செய்துகொள்ள அதில் நேரம் இருக்கிறது.

முதல் நாள் நோட்டை எடுத்தபோது, 'நீ வீட்டுக்கு வா, இனி யாரும் உன்னை அனுப்ப மாட்டார்கள்' என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். நேற்று எழுதியும் பார்த்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன். நான் போ என்றால் நீ போக வேண்டும், வா என்றால் வர வேண்டும் என்றால் அதுவும் பழைய கதையாகத்தானே இருக்கும்? நம் வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கிறது, அது உனக்குத் தெரிந்தால் போதும். எப்போது, எதற்கு, எத்தனை நாள் என்பதெல்லாம் உன் சமாச்சாரம். வரவே தோன்றவில்லை என்றாலும் அது உன் சமாச்சாரம்தான்.

உனக்கு அங்கே ஒரு அறை இருக்கிறது என்று அம்மா சொன்னாள். நீயே வாடகைக்குப் பிடித்தது, ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு தெரியும் என்றாள். அந்த அறைக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று சொல்ல வேண்டியவள் நீ. ஆகையால் உன்னிடம் கேட்கிறேன். நான் அங்கே வரட்டுமா? தனியாகத்தான் வருவேன். பஸ் பலகைகளை இப்போது நானே படித்துக்கொள்வேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது. யாரிடமும் காட்ட மாட்டேன், கோபித்துக்கொள்ளவும் மாட்டேன், இன்னொரு நாள் மறுபடியும் கேட்பேன். வரலாம் என்றால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதையும் எழுதிவிடு. ஒரு டீ குடிக்கும் நேரம்தான் என்றாலும் வருகிறேன். டம்ளரை வைத்துவிட்டு நீ எழுந்தால் நானும் எழுந்து கிளம்பிவிடுவேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா